பல்லுக்குள்ள பூசுற சிமெண்ட்: தங்கத் தகட்டிலிருந்து நானோத் தூள் வரை

சொத்தைப் பல்லைச் சுரண்டிக்கிட்டே போகும்போது சில சமயம் குழியோட அடியில குண்டூசி முனை அளவுக்குச் சிவப்பா ஒரு புள்ளி தெரியும். பல் வைத்தியரோட கை அங்க நின்னுடும். அந்தப் புள்ளிதான் பற்கூழ். பல்லோட உயிர்னு சொல்லலாம். அதை மூடிக் காப்பாத்தறதா, இல்ல மொத்தமா எடுத்துட்டு ரூட் கேனல் பண்றதா? இந்த ஒரு கேள்விக்கு 250 வருஷத்துக்கு மேலா பதில் தேடிக்கிட்டு இருக்காங்க. இப்போ அந்தத் தேடல் நானோத் துகள் கலந்த சிமெண்ட் வரைக்கும் வந்திருக்கு. கதை கொஞ்சம் நீளம்தான், ஆனா சுவாரஸ்யமானது. பொறுமையா படிங்க.

முதல்ல உள்ளே என்ன இருக்குன்னு பார்த்துடுவோம்

வெளியே எனாமல். அதுக்குள்ளே டென்டின். அதுக்கும் உள்ளே, நடுவுல இருக்கிற சின்ன அறையில பற்கூழ். கூழ்னா இரத்தக் குழாயும் நரம்பும் உயிரணுக்களும் சேர்ந்த மெத்துன்னு ஒரு திசு. அறையோட சுவரை ஒட்டி வரிசையா நிக்கிற ஒருவகை உயிரணுக்கள்தான் டென்டினைக் கட்டுற கொத்தனார்கள். ஓடோன்டோபிளாஸ்ட்னு பேரு. பல் முளைச்சு முடிஞ்ச பிறகும் இவங்க ஓய்வு எடுக்கிறதில்ல. மெதுவா, ஆயுசு முழுக்க டென்டின் போட்டுக்கிட்டே இருப்பாங்க.

டென்டின் கட்டிச் சுவர் மாதிரி இருக்காது. ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் அதுல ஓடுது. ஒவ்வொண்ணும் சுமார் 1 முதல் 2.5 மைக்ரான் அகலம். வாய்க்குள்ள இருக்கிற பல பாக்டீரியா ஒரு மைக்ரான் அளவுதான். அதாவது கிருமிக்கு அது நல்ல அகலமான தெரு.

கூழை எடுத்துட்டா என்ன நஷ்டம்? பெரியவங்களுக்கு பல் அப்படியே நிக்கும். ஆனா சூடு, குளிர், அடுத்த சொத்தை எதையும் அந்தப் பல் உணராது. செலவும் கூடும். சின்னப் பிள்ளைகளுக்கு விஷயம் இன்னும் பெரிசு. ஒரு நிலைப்பல் வெளியே வந்து சுமார் 3 வருஷம் கழிச்சுதான் அதோட வேர் முழுசா வளர்ந்து முடியும். ஆறு வயசுல முளைக்கிற கடைவாய்ப் பல்லோட கூழ் ஏழு வயசுல செத்துட்டா, வேர் அத்தோட நின்னுடும். சுவர் மெல்லிசாவே இருந்து என்னைக்காவது ஒரு நாள் உடையும். அதனாலதான் இந்தக் கூழ் விவகாரத்துல இவ்வளவு மெனக்கெடல்.

அரசரோட பல் வைத்தியர்

பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் அரசவையில பல் வைத்தியரா இருந்தவர் ஃபிலிப் பஃபாஃப். 1756ல பல்லைப் பத்தி ஜெர்மன் மொழியில ஒரு புத்தகம் போட்டார். மெழுகுல பல் அச்சு எடுத்து, அதுல மாவு ஊத்தி மாதிரி செய்யற முறையை விவரிச்சவரும் இவர்தான். அதே புத்தகத்துல, கூழ் வெளியே தெரிஞ்சா என்ன செய்யணும்னும் எழுதியிருக்கார். சின்னத் தங்கத் தகட்டை வெட்டி, கூழைத் தொடாத மாதிரி குழிவா வளைச்சு, மேலே மூடி, அதுக்கு மேலே அடைக்கணும்.

கூழுக்கு மூடி போடற வைத்தியம் பத்திக் கிடைக்கிற முதல் விவரமான பதிவு இதுதான்னு பல் மருத்துவ வரலாற்றுல சொல்வாங்க. கிருமின்னு ஒண்ணு நோய் தரும்ங்கிறதே தெரியாத காலம். ஆனாலும் கூழைத் தொடாதே, அழுத்தாதே, மூடு அப்படிங்கற புத்தி அந்த மனுஷனுக்கு இருந்திருக்கு.

அடுத்த நூற்றாண்டு இதுக்கு நேர் எதிர் திசையில போச்சு. 1836ல அமெரிக்காவின் ஷியர்ஜஷப் ஸ்பூனர், வலிக்கிற கூழைக் கொல்ல ஆர்சனிக் வைக்கலாம்னு எழுதினார். வலி போச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா ஆர்சனிக்குக்கு எங்கே நிக்கணும்னு தெரியாது. பல்லை விட்டுக் கசிஞ்சா ஈறையும் தாடை எலும்பையும் சேர்த்தே அரிச்சிடும். இருந்தும் பல பத்தாண்டுகள் அது புழக்கத்துல இருந்துச்சு.

சுண்ணாம்பு வந்த கதை

20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல இன்னொரு பயம் கிளம்புச்சு. 1910ல வில்லியம் ஹன்டர்ங்கிற ஆங்கிலேய மருத்துவர் மான்ட்ரியல்ல மெக்கில் பல்கலைக்கழகத்துல பேசும்போது, சீழ்பிடிச்ச வாய்தான் உடம்பின் பல நோய்களுக்குக் காரணம்னு பல் வைத்தியர்களைக் காய்ச்சி எடுத்தார். அதுக்கப்புறம் அமெரிக்காவுல கூழ் செத்த பல்லைக் கண்டாலே பிடுங்கிப் போடற ஒரு காலம் வந்துச்சு. நல்ல பல் எத்தனை போச்சுன்னு யாரும் எண்ணி வைக்கல. கூழ் வெளியே தெரிஞ்சாலே அந்தப் பல் கதை முடிஞ்சதுன்னுதான் பலர் நினைச்சாங்க.

அந்தச் சூழ்நிலையிலதான் 1920ல ஜெர்மனியில பெர்ன்ஹார்ட் ஹெர்மன் கால்சியம் ஹைட்ராக்சைடைக் கொண்டு வந்தார். பயந்துடாதீங்க, நம்ம பாஷையில அது நீத்துன சுண்ணாம்பு. வெத்திலையில தடவுறதும் அதே ரசாயனம்தான். ஹெர்மன் அதைப் பசையாக்கி 'கால்க்சில்'னு பேர் வெச்சார். 1930கள்ல அது அமெரிக்காவுக்குப் போச்சு. 1939ல ஹெல்முட் சாண்டர், சுண்ணாம்பு வெச்ச பற்களை வெட்டி நுண்ணோக்கியில பார்த்து, ஓட்டை இருந்த இடத்துக்குக் குறுக்கே புதுசா டென்டின் பாலம் கட்டியிருக்குன்னு காட்டினார். கொத்தனார் திரும்ப வேலைக்கு வந்துட்டார்!

(இதைப் படிச்சிட்டு யாரும் வெத்திலைச் சுண்ணாம்பை எடுத்துப் பல் குழியில வெச்சிடாதீங்க. வெந்துடும். சுத்தம் செஞ்சு, ரத்தம் நிறுத்தி, மேலே காத்துப் புகாம அடைக்கிறதுலதான் பாதி வைத்தியம் இருக்கு.)

சுண்ணாம்பு எப்படி வேலை செய்யுது? அதோட பி.எச். அளவு 12.5 கிட்ட. தொட்ட இடத்துல கூழோட மேல் படலத்தைச் சுட்டுடும், அங்க இருக்கிற கிருமியையும் கொல்லும். சுட்ட படலத்துக்குக் கீழே இருக்கிற திசு லேசா உசுப்பப்பட்டு, சரிசெய்யற வேலையில இறங்கும்.

சுண்ணாம்புல கால்சியம் இருக்கு, பாலத்துலயும் கால்சியம் இருக்கு. அப்போ மருந்துதானே பாலமா மாறுது? அப்படித்தான் எல்லாருக்கும் தோணும். 1960லயும் 1964லயும் சியாக்கி, பிசான்டின்னு ரெண்டு பேர் கதிரியக்கக் கால்சியத்தை வெச்சு நாய்ப் பற்கள்ல சோதிச்சாங்க. பாலத்துல இருந்த கால்சியம் மருந்துல இருந்து வரலை, நாயோட ரத்தத்துல இருந்து வந்ததுன்னு தெரிஞ்சது. மருந்து செங்கல் கொடுக்கலை, "வேலையை ஆரம்பி"ன்னு ஆளை எழுப்பி மட்டும் விட்டிருக்கு.

எலிகள் சொன்ன உண்மை

இந்த வரலாறு முழுசுலயும் எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை 1965ல நடந்தது. அமெரிக்க தேசிய பல் ஆராய்ச்சிக் கழகத்துல ககெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட்னு மூணு பேர். அவங்க கிட்ட ரெண்டு கூட்டம் எலி. ஒரு கூட்டம் சாதாரண எலி, 15. இன்னொண்ணு பிறந்ததுலேருந்தே கிருமியே இல்லாத அறையில வளர்த்த எலி, 21. ரெண்டுக்கும் மேல் கடைவாய்ப் பல்லைத் துளைச்சு கூழைத் திறந்து விட்டாங்க. மருந்து கிடையாது, மூடி கிடையாது. சாப்பாடும் குப்பையும் உள்ளே போகட்டும்னு அப்படியே விட்டுட்டாங்க.

சாதாரண எலிகளுக்கு 8 நாள்லயே கூழோட மேல்பாதி அழுகிப் போச்சு. அதுக்கப்புறம் மொத்தமும் போய், வேர் நுனியில சீழ். கிருமியில்லாத எலிகளுக்கு? 14ஆம் நாள்ல பாலம் கட்ட ஆரம்பிச்சிருச்சு. நாலு வாரத்துல ஓட்டையை முழுசா மூடி, கீழே கூழ் உயிரோட இருந்துச்சு. துளை உள்ளே சாப்பாட்டுத் துணுக்கு சிக்கி இருந்தும்கூட!

ஒரு சொட்டு மருந்து போடாமலே பல் தன்னைத் தானே ஆத்திக்கிச்சு. கிருமி மட்டும் உள்ளே வரக் கூடாது, அவ்வளவுதான். இதுக்கப்புறம் கூழ் மேல வைக்கிற எந்தப் பொருளையும் ஒரே அளவுகோல்ல பார்க்கலாம்: இது கிருமியை வெளியே நிறுத்துமா, எத்தனை வருஷத்துக்கு நிறுத்தும்?

அந்த அளவுகோல்ல சுண்ணாம்பு கொஞ்சம் தடுமாறுது. நாளாக ஆக அது கரையும். டென்டினோட ஒட்டாது. அது கட்ட வெச்ச பாலத்துலயே ஓட்டைகள் உண்டு. 1996ல காக்ஸும் அவரோட குழுவும் குரங்குப் பற்கள்ல பார்த்தப்போ 89 சதவீதப் பாலங்கள்ல சுரங்கம் மாதிரி துளைகள். மேலே அடைச்சது கசிஞ்சா கிருமி அந்தச் சுரங்கம் வழியா நேரா கூழுக்கே போயிடும்.

கொத்தனார் சிமெண்ட் பல்லுக்குள் வந்தது

1824ல இங்கிலாந்துல ஜோசஃப் ஆஸ்ப்டின் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இறுகின பிறகு போர்ட்லேண்ட் கல் மாதிரி இருக்கும்னு அந்தப் பேர். நம்ம வீடு கட்டுற அதே சிமெண்ட். 1878லயே விட்டேங்கிற ஜெர்மன் பல் வைத்தியர் இதைப் பல் வேருக்குள்ள அடைச்சதா எழுதியிருக்கார். யாரும் கண்டுக்கலை. நூறு வருஷத்துக்கு மேல அது தூங்குச்சு.

1990களின் ஆரம்பத்துல கலிஃபோர்னியாவுல லோமா லிண்டா பல்கலைக்கழகத்துல மஹ்மூத் தொராபினெஜாத் அதை எழுப்பினார். வேருல விழுந்த ஓட்டையை அடைக்க ஒரு பொருள் வேணும். ஈரத்துலயும் ரத்தத்துலயும் இறுகணும். சிமெண்டுக்குத் தண்ணிதானே வேணும்! 75 பங்கு போர்ட்லேண்ட் சிமெண்ட், 20 பங்கு பிஸ்மத் ஆக்சைடு (எக்ஸ்ரேயில தெரியறதுக்கு), 5 பங்கு ஜிப்சம். பேர் எம்.டி.ஏ. முதல் கட்டுரை 1993ல வந்தது, 1998ல அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. கட்டடத்துக்குப் போடற மூட்டையைப் பிரிச்சுப் போட்டா போதும்னு நினைக்க வேண்டாம். அதுல ஆர்சனிக், கன உலோகங்கள் கலந்திருக்கலாம், துகளும் ஒரே சீரா இருக்காது. மருத்துவத்துக்குத் தனியா சுத்தமா தயாரிக்கறாங்க.

1996ல குரங்குகளோட 12 பற்கள்ல சோதிச்சாங்க. எம்.டி.ஏ. வெச்ச 6 பல்லுலயும் பாலம் வந்துச்சு, ஒண்ணுல மட்டும் வீக்கம். சுண்ணாம்பு வெச்ச 6ல ரெண்டுல மட்டும் பாலம், ஆறுலயும் வீக்கம். அப்புறம் மனுஷங்க கணக்கு. அமெரிக்காவின் வடமேற்கு மாநிலங்கள்ல சாதாரண பல் மருத்துவமனைகளுக்கு வந்த 376 பேரை ரெண்டா பிரிச்சு 2 வருஷம் கவனிச்சாங்க. 2013ல வந்த முடிவு: சுண்ணாம்பு வெச்சவங்கள்ல 31.5 சதவீதம் தோல்வி, எம்.டி.ஏ. வெச்சவங்கள்ல 19.7. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் அஞ்சுல ஒண்ணு போகுதுங்கிறதையும் மறக்கக் கூடாது.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. மால்டாவைச் சேர்ந்த ஜோசெட் கமிலெரி எம்.டி.ஏ. இறுகும்போது என்ன நடக்குதுன்னு ஆராய்ஞ்சார். கால்சியம் சிலிகேட் தண்ணியோட சேரும்போது ஒரு கெட்டிக் கூழும், கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகுது. அதாவது நம்ம பழைய சுண்ணாம்பு! புது மருந்துக்குள்ள பழைய மருந்துதான் ஒளிஞ்சிருக்கு. கரையாம, கசியாம, கொஞ்சம் கொஞ்சமா வெளியே விடற மாதிரி ஒரு வீட்டுக்குள்ள அதைக் குடி வெச்சிருக்காங்க, அதுதான் வித்தியாசம்.

சுண்ணாம்பு ஏன் கொத்தனாரை எழுப்புதுங்கிறதுக்கும் ஒருவழியா பதில் கிடைச்சது. டென்டின் உருவாகும்போதே அதுக்குள்ள சில வளர்ச்சிப் புரதங்கள் புதைஞ்சிடுது. சுண்ணாம்பு டென்டினை லேசாக் கரைச்சு அந்தப் புரதங்களை வெளியே விடுதுன்னு 2006ல பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள் காட்டினாங்க. அதுக்கு முன்னாடி 2000த்துல, பற்கூழுக்குள்ள ஸ்டெம் செல் இருக்குன்னு கண்டுபிடிச்சாச்சு. பழைய கொத்தனார் செத்தாலும் இந்த ஸ்டெம் செல்லுல இருந்து புது ஆள் வருவார். உயிலை எழுதி சுவருக்குள்ளயே வெச்சுக் கட்டிட்டுப் போன மாதிரி இருக்கு, இல்ல?

அப்போ எம்.டி.ஏ.ல குறையே இல்லையா? இருக்கு. இறுக ரெண்டே முக்கால் மணி நேரம் ஆகும். பிசையறதும் வைக்கறதும் ஈர மணலைக் கையாளுற மாதிரி. பிஸ்மத்தால பல் கருக்கும், முன்பல்லுன்னா தாங்க முடியாது. விலையும் அதிகம். பிரான்ஸோட செப்டோடான்ட் நிறுவனம் 2010 வாக்குல பயோடென்டின்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு. சுத்தமான கால்சியம் சிலிகேட், பிஸ்மத்துக்குப் பதிலா ஸிர்கோனியம் ஆக்சைடு, சீக்கிரம் இறுக கால்சியம் குளோரைடு. சுமார் 12 நிமிஷத்துல இறுகிடும். 2019ல ஐரோப்பிய ரூட் கேனல் வல்லுநர் சங்கம், திறந்த கூழுக்கு இந்தக் கால்சியம் சிலிகேட் வகையைத்தான் பரிந்துரைச்சது.

சரி, நானோ எங்கே வருது?

ஒரு மில்லிமீட்டர்ல பத்து லட்சம் நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரைக்கும் உள்ள துகளை நானோத் துகள்னு சொல்றாங்க. சின்னதாக்கறதுல என்ன லாபம்? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு சென்டிமீட்டர் பக்கம் உள்ள கனசதுரக் கல்லோட மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 100 நானோமீட்டர் துண்டுகளா வெட்டினா மொத்த மேற்பரப்பு 60 சதுர மீட்டர். கிட்டத்தட்ட 650 சதுர அடி, ஒரு சின்ன ஃப்ளாட் :-) அதே எடை, அதே கல்.

சிமெண்ட் தண்ணியோட சேர்றது மேற்பரப்புலதான். பரப்பு கூடினா சீக்கிரம் இறுகும், அயனிகளும் வேகமா வெளியே வரும். துகள் டென்டினோட நுண்குழாய்க்குள்ள நுழையவும் முடியும். சும்மா சொல்லலை, பல்லே ஒரு நானோ பொருள்தான். டென்டின்ல இருக்கிற தாதுப் படிகங்கள் சில நானோமீட்டர் தடிமன்தான்.

இப்போ ஆராய்ச்சிக்கூடங்கள்ல பல வழியில முயற்சி பண்றாங்க. முக்கியமா நாலைச் சொல்லலாம். ஒண்ணு, சிமெண்டையே பொடிப்பொடியா அரைச்சு இறுகுற நேரத்தைக் குறைக்கிறது. ரெண்டு, பிஸ்மத்துக்குப் பதிலா நானோ ஸிர்கோனியா கலக்கிறது, பல் கருக்காது. மூணு, கிருமியைக் கொல்ல வெள்ளி நானோத் துகள். நாலு, உயிர்க் கண்ணாடி. இந்தக் கண்ணாடிக்கும் ஒரு கதை உண்டு. 1967ல ஒரு ராணுவ மாநாட்டுக்குப் பஸ்ஸுல போன லாரி ஹென்ச்ங்கிற அமெரிக்க விஞ்ஞானி கிட்ட, வியட்நாம்ல இருந்து திரும்பின ஒரு கர்னல், மனுஷ உடம்பு ஏத்துக்கிற பொருளா உங்களால செய்ய முடியுமான்னு கேட்டிருக்கார். 1969ல ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துல ஹென்ச் செஞ்ச கண்ணாடி எலும்போட நேரா ஒட்டிக்கிச்சு. அதையே இப்போ நானோ அளவுல, உள்ளே நுண்துளைகளோட செஞ்சு, அதுல அயனிகளையோ மருந்தையோ நிரப்பி சிமெண்டுல கலந்து பார்க்கறாங்க.

ஆனா ஒரு கை கொடுக்கிற குணம்தான் இன்னொரு கையால எடுக்குது. பரப்பு அதிகம்னா தண்ணியும் அதிகம் கேட்கும். தண்ணி கூடினா இறுகின பிறகு துளை விழும், பலம் குறையும். துகள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாகும். வெள்ளி அளவு கூடினா கிருமியோட சேர்த்துக் கூழோட உயிரணுவையும் பதம் பார்க்கும், பல்லையும் கருக்கும். எந்த உயிரணுவை எழுப்பணுமோ அதையே கொன்னுட்டா, 1836ஆம் வருஷ ஆர்சனிக்குக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

இன்னொரு எச்சரிக்கையும் வரலாற்றுல இருக்கு. 1990கள்ல பல் நிரப்பப் பயன்படுத்தற ஒட்டுப்பசையை நேரடியா கூழ் மேலயே வைக்கலாம்னு ஒரு அலை அடிச்சது. குரங்குப் பற்கள்ல அருமையா வேலை செஞ்சுதுன்னு கட்டுரைகள் வந்துச்சு. அப்புறம் மனுஷப் பற்கள்ல செஞ்சு, எடுத்து நுண்ணோக்கியில பார்த்தா தீராத வீக்கம், பாலத்தையே காணோம். அந்த அலை அடங்கறதுக்குள்ள எத்தனை பற்கள் போச்சோ.

நானோ சிமெண்ட் ஆய்வுகள்ல பெரும்பாலானது இன்னமும் கண்ணாடித் தட்டுல வளர்த்த உயிரணுக்கள்லயும், எலி, நாய் மாதிரி விலங்குகள்லயும் செஞ்சதுதான். 1965ஆம் வருஷ எலிகள் சொன்னதை மறக்காம இருந்தா இதுல எதைத் தேடணும்னு புரியும். ஆத்தறது பல்லோட வேலை. அதைப் பல் நல்லாவே செய்யும். சிமெண்டோட வேலை வாசல்ல நின்னு கிருமியைத் தடுக்கறதும், உள்ளே தூங்கறவரை எழுப்பறதும். நானோத் துகள் இந்த ரெண்டு வேலையையும் இப்போ இருக்கறதை விட நல்லா, நிறைய வருஷம் செஞ்சா அது முன்னேற்றம். சீக்கிரம் இறுகுதுங்கறது வைத்தியருக்கு வசதி, நோயாளிக்கும் நாற்காலியில நேரம் மிச்சம். அது மட்டும் போதாது.

அதனால "நானோ"ன்னு பெரிய எழுத்துல விளம்பரம் பார்த்தா நாம கேட்க வேண்டியது இவ்வளவுதான்: தட்டுலயா, எலிப் பல்லுலயா, மனுஷப் பல்லுலயா? எத்தனை பேர்? எத்தனை வருஷம்? அந்த 376 பேர் கணக்கு மாதிரி ஒண்ணு நானோ சிமெண்டுக்கும் வரட்டும், அப்போ கை தட்டலாம். அதுவரைக்கும், குழந்தையோட நிலைப்பல்லுல ஆழமான சொத்தைன்னு சொன்னா, "கூழைக் காப்பாத்த வழி இருக்கா?"ன்னு உங்க பல் டாக்டர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. பல நேரம் இருக்குன்னுதான் பதில் வரும்.